இரண்டிலும் நான்கிலும்

நகரப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாளை எல்லோரும் டிரைவரம்மா என்றே கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவள் டிரம்ஸ் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் ஆசை என்றாள். நாத்தனாருக்கு அது போதவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இதென்ன கூத்து, பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வாரம் தவறாமல் வந்து புலம்பிவிட்டுப் போனாள். வருகிறவர்களுக்கும் வாசித்துக் காட்டுகிறேன் என்றாள் டிரைவரம்மா.

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஜாஸ் இசைக்குழு நடத்தினார். சாக்ஸபோன் அவர் கையில். டிரம்ஸ்காரர் ஊர் மாறிப் போக, காலியான ஸ்டூலில் இவள் ஏறிக்கொண்டாள். மற்ற தாளமெல்லாம் சீக்கிரம் படிந்தது. ஜாஸுக்கே உயிரான ஸ்விங் என்கிற அந்த ஆடும் நடை மட்டும் தண்ணி காட்டியது. நான்கு அடிக்கு ஒரு சுற்று. வலக்கை சிம்பல் என்கிற பெரிய வெண்கலத் தட்டில் ‘டிங், டிங்-க டிங்’ என்று ஓட வேண்டும். இடது கால் ஜோடிச் சிம்பலை இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் மட்டும் ‘ச்சிக்’ என்று மூட வேண்டும். நடுவில் அந்தக் குட்டி ‘க’ இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். முந்தினால் ராணுவ நடை, பிந்தினால் நொண்டி நடை.

வீட்டில் தாளம் எண்ணும் மெட்ரோனோம் கருவியை அடிக்கு ஒரு டிக் என்று தட்டவிட்டு, ஒவ்வோர் அடியையும் மனதில் மூன்றாகக் கூறு போட்டு வாசித்தாள். கணக்கு சுத்தம், பாட்டுதான் செத்துக் கிடந்தது.

“ஆட்டமே வரலையேம்மா,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். “வர்ற நிகழ்ச்சிக்கு வேற ஆளைச் சொல்லி வச்சிருக்கேன்.”

“சொல்லி வைங்க சார். ஸ்டூல்ல நான்தான் உக்காந்திருப்பேன்.”

வாய் பேசிவிட்டது, கைக்குத்தான் இன்னும் வரவில்லை.

மறுநாள் சந்திப்பில் வண்டி திரும்பக் காத்து நின்றது. இண்டிகேட்டர் டிக், டிக் என்றது. அதை அவள் ஒன்று என்று எடுக்காமல், என்ன தோன்றியதோ, இரண்டு, நான்கு என்று எடுத்தாள். அப்புறம் ஒன்றையும் மூன்றையும் தர யாரும் இல்லை, அவளேதான் தர வேண்டியிருந்தது. விரல்கள் ஸ்டியரிங்கில் தட்டின. டிங், டிங்-க டிங். அளக்காமலேயே அந்த ‘க’ தன் இடத்தில் போய் விழுந்தது. இத்தனை நாள் அந்த மெட்ரோனோமின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது. பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தன. அதன் பிறகு சிவப்பு விளக்கைக் கண்டால் சந்தோஷப்படுகிற ஒரே டிரைவர் அவள்தான்.

நிகழ்ச்சியன்று அந்த வேறு ஆள் மடியில் குச்சிகளோடு முன்வரிசையில் இருந்தார். மானம் போவதைக் கண்ணால் பார்க்க நாத்தனாரும் வந்திருந்தாள். முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் கூட்டத்துக்கு உற்சாகம் பிறந்து எல்லோரும் கைதட்ட ஆரம்பித்தார்கள், அவள் கால் மூடும் அடிகளில் அல்ல, ஒன்றிலும் மூன்றிலும். நாத்தனார்தான் பலமாகத் தட்டினாள். பேஸ் கிட்டார் வாசித்தவர் தடுமாறினார். கண்ணாடிக் கடைக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

“கூட்டத்தோட போயிடுங்கம்மா.”

பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த பேச்சு. அவளுக்குச் சுருக்கென்று ஏறியது.

“மாட்டேன். அவங்க வரட்டும்.”

இடது காலை ஓங்கி மிதித்தாள். ச்சிக். வலக்கை மட்டும் அவசரப்படாமல் ஓடியது. பேஸ்காரர் அவள் காலைப் பார்த்துத் தேறிக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் வேறு வழியில்லாமல் சாக்ஸபோனை வாயில் வைத்து, அவள் தாளத்தின் மேலேயே ஏறி வாசித்தார். கைதட்டல் குழம்பி, தேய்ந்து போனது. நாத்தனாரின் கைகள் அந்தரத்தில் நின்றன. இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், பிறகு தம்பி பெண்டாட்டியின் காலைப் பார்த்தாள். அடுத்த ‘ச்சிக்’கில் அவள் கை தட்டியது. அரங்கமும் மெல்ல அவளோடு சேர்ந்துகொண்டது.

பாட்டு முடிந்தது. கண்ணாடிக் கடைக்காரர் வேர்வையைத் துடைத்தபடி முன்வரிசை ஆளைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

டிரைவரம்மா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்து எந்தப் பாட்டு என்று கேட்டாள்.