பெண் பார்க்கப் போன இடத்தில் எலக்ட்ரான்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. உருக்கில் கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது போதாதென்று, மீஞ்சூரிலிருந்து ரயிலில் போய்வரும் நேரத்தில் குவாண்டம் இயற்பியலின் தத்துவத்தைப் படித்து, உலகத்தின் அடிமட்டத்தையே தொட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். சக பயணிகள் என் பக்கத்தில் உட்காராமல் நழுவியதை அவர்களுடைய அறியாமை என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வேப்பம்பட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். கிளம்பும்போதே அம்மா எச்சரித்தாள்: "அங்க வந்து உன் கதையெல்லாம் எடுத்துவுடாத. கேட்டா மட்டும் பேசு."

பெண்ணின் அப்பா கேட்டுவிட்டார். "தம்பிக்கு வேலையைத் தவிர வேற எதுல இன்ட்ரஸ்ட்டு?"

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். இரண்டு மெல்லிய பிளவுகளை நோக்கி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், ஒவ்வொன்றும் இரண்டு வழியிலும் போனதுபோல் திரையில் பட்டை பட்டையாகக் கோலம் விழும் என்றேன். எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கத் தொடங்கினாலோ கோலம் காணாமல் போய்விடும். அப்படியானால், பார்ப்பதற்கு முன் அது எங்கே இருந்தது? அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை என்பவர்கள் உண்டு. நடக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் தனி உலகமாக, உலகமே கிளை பிரிகிறது என்பவர்களும் உண்டு.

"அப்படிப் பார்த்தா, உங்க பொண்ணு என்னை வேணாம்னு சொல்ற உலகமும் ஒண்ணு இருக்குது சார்."

அந்த உலகத்துக்குக் குடிபோக அவர் தயாராக இருந்தது முகத்தில் தெரிந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அப்போதுதான் பெண் வாய் திறந்தாள். "பார்க்கிறதுன்னு சொல்றீங்களே, யாரு பார்க்கணும்? மெஷின் பார்த்தா போதுமா, மனுஷன் வந்து பார்க்கணுமா? மெஷினும் அணுவாலதானே ஆனது?"

பல மாதங்களாக நான் போய் முட்டிக்கொண்டு நின்ற இடம் அது. பெரிய பெரிய சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. ஒன்றையும் நம்பிச் சொல்ல முடியவில்லை.

"தெரியலைங்க," என்றேன். "எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி பதில் இன்னும் யாருக்கும் கிடைக்கல."

அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பா, கேலியா என்று எனக்குப் புரியவில்லை. மீஞ்சூரில் இறங்கியதும் அம்மா, "இன்னாத்துக்குடா உன்னைப் படிக்கவெச்சேன்?" என்றாள்.

சில நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "பொண்ணுக்குச் சம்மதம். தெரியலைன்னு சொன்னாரே, அது புடிச்சிருந்துதாம். அவங்க அப்பாதான் பேஜாரா கீறாரு. தம்பியை டாக்டர்கிட்ட காட்னீங்களான்னு கேக்கறாரு."

பெண்ணின் அப்பா ஆலைக்கே வந்து விசாரித்தார். "தங்கமான பையன் சார், கேள்வி மட்டும் கேட்றாதீங்க," என்று ஃபோர்மேன் எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். கடைசியில் பெண்ணின் அப்பா ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: கல்யாணம் முடியும்வரை அவருடைய சொந்தக்காரர்கள் யாரிடமும் நான் எலக்ட்ரானைப் பற்றிப் பேசக் கூடாது. அம்மா எனக்கு முன்னால் முந்திக்கொண்டு சத்தியம் செய்துகொடுத்தாள்.

மண்டபத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அமைதியான மாப்பிள்ளை என்று அவர்கள் பக்கத்தில் பேர் எடுத்தேன். மறுவீட்டு விருந்தில் அந்தப் பேர் போய்விட்டது.