விலைமகன்

மஞ்சள் நோட்டில் அந்தச் சொல்லை எழுதிவிட்டு நானே திருதிருவென்று விழித்தேன். விலைமகள் என்று தமிழில் உண்டு. 'விலைமகன்' என்று எழுதினால் எழுத்துப்பிழை மாதிரி இருந்தது. ஆணுக்கு அப்படியொரு பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

தொண்ணூற்றெட்டில் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் இருந்தோம். வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வீட்டைக் காத்துக்கொண்டிருந்த நான், பைத்தியம் பிடிக்காமலிருக்க, பக்கத்துக் கல்லூரியில் ரோமானிய வரலாறு படிக்கச் சேர்ந்தேன். ஆளுக்கொரு தலைப்பில் பேசவேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்தது, பண்டைய ரோமில் உடலை விற்ற ஆண்கள். போயும் போயும் எனக்கா! எதையும் முதலில் தமிழில் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

எங்களோடு தங்கியிருந்த கொழுந்தன், என் கணவரின் தம்பி, சாப்பாட்டு மேசையில் கிடந்த அந்த நோட்டைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. "என்னைப் பத்தியா எழுதியிருக்கீங்க அண்ணி?"

வரதட்சணைக்கு விலைபோகும் மாப்பிள்ளை என்று தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என நினைத்துவிட்டான்! எங்கள் ஊர் கோபியிலிருந்து என் மாமியார் அந்த வாரம்தான் ஒரு பெண்ணின் போட்டோவை அனுப்பியிருந்தார். கூடவே நகை, கார் என்று ஒரு பட்டியல். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி எண்ணமே வர்றதில்லைங்க அண்ணி. ஆம்பளைங்க மேலதான். அம்மா கல்யாணத்துக்கு டேட் ஃபிக்ஸ் பண்ணப்போறாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், ஊர் என்ன பேசும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வேறென்ன சொல்வதென்று தெரியாமல் படித்ததையே ஒப்பித்தேன். ஆண் ஆணை விரும்புவதை ரோமில் அதிசயமாகப் பார்க்கவில்லை. அதற்காக அவர்களை நல்லவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது, விருப்பமெல்லாம் எஜமானனுக்குத்தான். உடலை விற்ற குடிமகன் மானமிழந்தவன், ஊர் மன்றத்தில் உட்கார முடியாது. விலை கொடுத்தவனுக்கோ ஒரு குறையுமில்லை. விற்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் அடிமைகள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாயே கிடையாது. அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

"உனக்கு வாய் இருக்குல்ல? வேண்டாம்னு சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்," என்றேன். என் கணவரிடமும் சொன்னோம். அவர் கார் கழுவப் போய்விட்டார்.

இன்று கைபேசியில் முகம் பார்த்தே பேசிவிடுகிறோம். அன்று ஐந்து டாலர் தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்திக் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அழைத்தான். என்னிடம் சொன்னதையே அம்மாவிடமும் சொன்னான். மறுமுனையில் இரைச்சல் மட்டும்தான். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. "வெச்சுட்டாங்க அண்ணி," என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கால்மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். காசு கரையுமென்று ஒருநாளும் அங்கிருந்து கூப்பிடாத மாமியார்.

"நான் போனை வெக்கலை கண்ணு, அதுவாக் கட்டாயிருச்சு. அந்தப் புள்ள வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லிர்றேன். அவங்கிட்டக் குடு, நான் இன்னும் பேசி முடிக்கலை."