துடக்கு வீட்டுப் பூனை

சாவு நடந்த வீட்டிலிருந்து யாரும் 'போயிட்டு வாறன்' என்று சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. சொல்லாமல் எழுந்து போவதுதான் எங்கள் பக்க வழக்கம். அதனால் அக்கா செத்த பிறகு வந்த நாட்களில் யார் வந்தார்கள், யார் எப்போது போனார்கள் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. விறாந்தையில் இருந்தபடி கண்ணை மூடித் திறந்தால் எதிர்க்கதிரையில் இருந்த ஆள் மாறியிருப்பார். முதலில் இருந்தவரோடு தொடங்கிய கதையை இரண்டாமவரோடு முடித்துவிடுவேன். அவர்களும் தலையாட்டிக் கேட்டார்கள். சோளகக் காற்று பகல் முழுக்கப் பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. திங்களும் செவ்வாயும் ஒன்றாகவே இருந்தன.

நானும் அக்காவும்தான் இணுவில் வீட்டில் இருந்தோம். இருவரும் கலியாணம் செய்யவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன, இப்போது அவை முக்கியமில்லை. நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கா சமைத்தார், நான் சாப்பிட்டேன். உப்புக் கூடினால் சொன்னேன், சரியாக இருந்தால் சொல்லவில்லை. இப்படியே முப்பது வருடம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நெஞ்சு இறுக்குகிறது என்றார். பக்கத்து வீட்டுக் காரில் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். அன்று பின்னேரமே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. அழக் கூடாது என்று இருந்தவனில்லை, வரவில்லை, அவ்வளவுதான். கனடாவிலிருந்து அண்ணை கைத்தொலைபேசியில் கதைத்தபோதும் வரவில்லை. சுடலையிலும் வரவில்லை. அந்தக் கல்லுத் தன்மையை நினைத்து எனக்கே என் மீது கோபம் வந்தது.

எனக்குப் பூனைகளைப் பிடிக்காது. பிடிக்காது என்பதை அக்காவுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் மதிலேறி வந்த ஒரு செம்பூனை அக்காவின் காலடியில் குடியேறி ஆறு வருடம் ஆகியிருந்தது. அது என்னைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நான் குசினிக்குள் போனால் எழுந்து வெளியே போகும். அக்கா போன அடுத்த நாள் தொடக்கம் அந்தப் பூனை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சாவு நடந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை, வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. எனக்குச் சாப்பாடு பக்கத்து வீட்டு ரீச்சர் கொண்டுவந்து தந்தார். அக்காவின் சிநேகிதி அவர். ஓய்வு பெற்றும் பத்து வருடம் ஆகிவிட்டது, ஊரில் எல்லாருக்கும் இன்னும் ரீச்சர்தான். பூனைக்கும் அவர்தான் சோற்றில் தேங்காய்ப்பால் சொதி விட்டுப் பிசைந்து வைத்தார். அது சொதியை நக்கிவிட்டுச் சோற்றை அப்படியே விட்டுவிட்டது. மீன் இல்லாத கோபம் என்று முதலில் நினைத்தோம். பால் வைத்தார். 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்று ஆட்களைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் பூனை நிசமாகவே இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

அது அக்காவின் கதிரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. இடைக்கிடை முன்னங்காலைத் தூக்கி முகத்தைத் தேய்த்தது. அதை முதலில் கண்டவர் ரீச்சர்தான்.

"பாருங்கோ தம்பி, கண்ணீரைத் துடைக்குது," என்றார். "உது அக்காவை நினைச்சுத்தான் சாப்பிடாமல் கிடக்குது."

அந்தச் சொல் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் பரவியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து பூனையையும் பார்த்தார்கள். வாயில்லாச் சீவனுக்கு உள்ள நன்றி மனிசருக்கு இல்லை என்றார் ஒருவர். அவர் என்னைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது, எனக்குக் குத்தியது. கனடா அண்ணை வீடியோவில் பூனையைக் காட்டச் சொன்னார். நான் கைத்தொலைபேசியைக் கதிரைக்குக் கீழே நீட்டினேன். அண்ணை அங்கே அழும் சத்தம் கதிரைக்குக் கீழிருந்து வந்தது. அண்ணியும் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்று அடுத்த நாளும் காட்டினேன்.

நானும் அதை நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அதில் சாய்ந்துகொண்டேன் என்பதே சரி. எனக்கு வராத அழுகையை வீட்டில் ஒரு சீவன் அழுதுகொண்டிருக்கிறது என்பது ஒரு ஆறுதல். அக்காவுக்குச் செய்ய வேண்டியதை யாரோ செய்கிறார்கள். மத்தியானங்களில் சாய்மனைக் கதிரையில் கண் சொருகும்போது, குசினிக்குள் திருவலையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். அக்கா இப்போது சாப்பிடக் கூப்பிடுவார் என்று காத்திருப்பேன். விழித்தால் காற்றுத்தான் எங்கேயோ ஒரு ஓலையை உரசிக்கொண்டிருக்கும். பூனையும் தலையைத் தூக்கிக் குசினி வாசலைப் பார்த்தபடி இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சத்தம் கேட்டது என்று எண்ணிக்கொள்வேன். ஆறு வருடத்தில் அந்தப் பூனையோடு எனக்கு வந்த முதல் உறவு அது.

எட்டாம் நாள் பொழுதுபட்ட மம்மல் நேரத்தில் எட்டுச்செலவு செய்தோம். செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் சமைத்துப் படைப்பது அது. அந்த ஒரு பொழுதுக்கு மச்சமும் உண்டு. சொந்தக்காரப் பெண்கள் மீன் குழம்பு வைத்தார்கள், முட்டை பொரித்தார்கள், கத்தரிக்காய்ப் பொரியல் செய்தார்கள். பயத்தம் பணியாரமும் இருந்தது. படையல் முடிந்ததும் பூனைக்கு ஒரு துண்டு மீன் வைத்தார்கள். அது ஓடிவந்தது. மணந்தது. மெல்ல வாயில் எடுத்தது, கீழே போட்டது. பிறகு திரும்பிக் கதிரைக்குக் கீழே போய்விட்டது. பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்கள். இதுக்கு மேலே என்ன சாட்சி வேண்டும் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஒரு நாள் அது கதவடியில் படுத்திருந்தபோது விலக்குவதற்காகத் தூக்கினேன். முதல் தடவையாகத் தூக்குகிறேன். பாரமே இல்லை. மயிருக்குள்ளே எலும்புகள் மட்டும் இருந்தன. இது செத்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். அக்கா விட்டுப்போன உயிருள்ள சாமான் இது ஒன்றுதான். சாகட்டும் என்று விடவும் முடியவில்லை, துக்கத்துக்கு என்ன மருந்து கொடுப்பது என்றும் தெரியவில்லை. ரீச்சரிடம் கேட்டேன். முப்பத்தொன்று முடிய ஆறிவிடும், மனிசருக்கும் அப்படித்தானே என்றார்.

எங்கள் ஒழுங்கைக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு மீன்காரர் வருவார். அரியாலைப் பக்கத்து ஆள். துடக்கு வீடு என்று தெரியுமாதலால் எங்கள் படலையடியில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். ஒரு புதன்கிழமை காலை அவருடைய கோர்ன் சத்தம் கேட்டதும் பூனை எழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் படலைக்கு நடந்தது. அவர் வண்டியை நிற்பாட்டி, பெட்டிக்குள் கிடந்த ஒரு சின்ன மீனை அதற்கு எறிந்தார். பூனை அதைக் கவ்வியது, தலையை ஒரு பக்கம் சரித்தது, விட்டுவிட்டது. மறுபடியும் கவ்வியது, விட்டது.

அது அக்காவின் கவலையில் சாப்பிடுவதில்லை என்று நான் விளக்கம் சொன்னேன். அந்த மனிசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஐயா, கவலைப்படுற பூனை கோர்னுக்கு ஓடி வராது," என்றார். "உதுக்குப் பசி. வாயுக்கை ஏதோ கிடக்கு. கடைவாயாலை வீணி வடியுது, காணேல்லையோ?"

நான் காணவில்லை. பதின்மூன்று நாள் பார்த்தும் காணவில்லை. ஊரே குனிந்து பார்த்தும் காணவில்லை.

அடுத்த நாள் பூனையைப் பனையோலைக் கடகத்துக்குள் வைத்து, மேலே இன்னொரு கடகத்தால் மூடிக் கட்டி, ஓட்டோவில் கால்நடை வைத்தியசாலைக்குக் கொண்டு போனேன். வழி முழுக்க அது கத்தவில்லை. அது கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடகத்தின் மீது கையை வைத்துக்கொண்டே போனேன்.

டொக்டர் ஒரு இளம் பெண். பூனையைத் துவாயால் சுற்றி, வாயைத் திறந்து, ரோச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மேல் அண்ணத்தில், இந்தப் பக்கத்துப் பல்லுக்கும் அந்தப் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே, பாலம் போட்டதுபோல ஒரு முள் குறுக்கே இறுகிக் கிடந்தது. சுற்றிவரச் சீழ். முகத்தைத் தேய்த்தது அதைத் தட்டி விழுத்தத்தான். இடுக்கியால் ஒரு இழுவையில் எடுத்துவிட்டார்.

"முள்ளோடை மீன் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன், அக்கா முள் எடுத்துத்தான் கொடுப்பார் என்றேன். சொல்லி முடிக்கும்போதே அந்த வியாழக்கிழமை என் முன்னால் வந்து நின்றது. அக்காவை ஆசுபத்திரி வாட்டில் விட்டுவிட்டு, மாற்றுச் சீலை எடுக்க நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். பூனை காலைச் சுற்றிக் கத்தியது. அக்கா அன்று பூனைக்கு வைக்கவில்லை, தானும் சாப்பிடவில்லை. எனக்குப் போட்டுத் தந்துவிட்டு இருந்தவர்தான், நெஞ்சு இறுக்குகிறது என்றார். நான் சாப்பிட்டு மிச்சம் விட்ட சோற்றுக் கோப்பையில் ஒட்டி மீனின் தலையும் முள்ளும் கிடந்தன. அதை அப்படியே பூனையின் சட்டிக்குள் கவிழ்த்துவிட்டு ஓடினேன். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். பழத்தை விழுத்தியவன் நான். காகத்தைப் பார்த்து ஊர் அழுதது.

இன்றைக்குப் பால் மட்டும், நாளை தொடக்கம் அவித்த மீனை முள் இல்லாமல் கொடுங்கள், இல்லாவிட்டால் தேறாது என்றார் டொக்டர். துடக்கு முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது. பூனைக்கு அவ்வளவு நாள் இல்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிகளில் எங்கள் ஊருக்கு மீன்காரர் வருவதில்லை, வாங்க ஆளிருக்காது. நான் சைக்கிளில் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போய் ஒரு விளைமீன் வாங்கி, கறுத்த பைக்குள் சுற்றி, கள்ளன் மாதிரி ஒழுங்கைக்குள் வந்தேன். குசினிக்குள் வைக்க மனம் வரவில்லை. கிணற்றடிக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பழைய சட்டியில் அவித்தேன். அறுபத்திரண்டு வயதில் நான் சமைத்த முதல் மீன் அது.

ஆறியதும் கையிலெடுத்து முள் பார்க்கத் தொடங்கினேன். முள் எடுப்பது இலேசான வேலை என்று நினைத்திருந்தேன். பெரிய முள் தானாகக் கழன்று வரும். மயிர் போன்ற சின்ன முட்கள்தான் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு வாய்க்கு எடுக்கவே நெடுநேரம் பிடித்தது. அக்கா இதை ஆறு வருடம், மீன் வைத்த ஒவ்வொரு நாளும், தான் சாப்பிட முன்னம் செய்திருக்கிறார். நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. சாப்பிட்டவுடன் எழுந்து போய்விடுவேன். முதல் வாயைப் பூனைக்கு வைத்தேன். அது என்னை நம்பாமல் மணந்தது. பிறகு தின்றது. கண்ணை மூடிக்கொண்டு, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு தின்றது. சட்டியை நக்கிவிட்டு என் கையைப் பார்த்தது.

மத்தியானச் சாப்பாட்டோடு வந்த ரீச்சர் மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு வந்தார். வெள்ளிக்கிழமையில் மீன் மணம் பட்டாலே வீட்டுக்குப் போய் முகம் கழுவுகிறவர். அடுப்பையும் என்னையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கோப்பையைக் கவிழ்த்தது உட்பட.

"அப்ப உது அக்காவை நினைச்சுக் கிடக்கேல்லையோ?"

"இல்லை ரீச்சர். அதுக்கு வாய் நோ. இந்த வீட்டிலை அக்காவுக்கெண்டு ஒருத்தரும் அழேல்லை."

பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கல்லுகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபடி, கையில் மீனோடு, வெட்கமில்லாமல் அழுதேன். ஒழுங்கையில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். பூனை கொஞ்சம் தள்ளிப் போய் இருந்து, பசியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரீச்சர் சாப்பாட்டுப் பெட்டியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு எதிரே குந்தினார்.

"அழுங்கோ தம்பி," என்று சொல்லி, என் கையிலிருந்த மீனை வாங்கினார். "முள்ளை நான் எடுக்கிறன்."