நரேலின் கைமுதல்

நரேல் பாஸ்கோ முதன்முதலாகப் பெரிய தொகை ஜெயித்தது ஒரு திங்கட்கிழமை காலை, துணி துவைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது. ஐரோப்பாக்காரர்கள் ஞாயிறு சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆடும் சீட்டுப் போட்டிகள் ஆஸ்திரேலியாவின் ஜிலாங்கில் திங்கள் விடிந்த பிறகுதான் சூடுபிடிக்கும். பள்ளிக்கூடக் கான்டீனில் அவளுக்குத் திங்களன்று வேலை கிடையாது. கணவன் ராட்னி கார் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். பதினோரு டாலர் கட்டி விளையாட்டாக உட்கார்ந்தவள், பசியையும் ஈரத்துணியையும் மறந்து மதியம்வரை ஆடி, இரண்டாவது இடத்துக்கு வந்தாள். நாலாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே.

போக்கர் என்கிற அந்தச் சீட்டாட்டம் அவளுக்குப் பழக்கமானது கோரையோ பகுதி மதுக்கடையில். செவ்வாய்தோறும் அங்கே காசில்லாத ஆட்டம் நடக்கும். ஜெயித்தவருக்கு ஒரு தட்டு நிறைய இறைச்சி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டோங்காக்காரன் சியோனேதான் அவள் பக்கத்தில் எப்போதும் உட்காருவான். கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமலே தன் காய்கள் எல்லாவற்றையும் நடுவே தள்ளிவிட்டு, தோற்றால் மேஜையே அதிரச் சிரிக்கிறவன். நரேலும் அப்படித்தான் ஆடினாள். சிரிக்கப் போனாள், சிரித்துவிட்டு வந்தாள்.

நாலாயிரம் வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு டாலருக்கே இவ்வளவு என்றால் நூறு டாலர் மேஜையில் எவ்வளவு இருக்கும்? உட்கார்ந்தாள். அங்கே இருந்தவர்கள் சிரிக்கிறவர்கள் இல்லை. ஐந்து வாரத்தில் மொத்தமும் கரைந்துபோனது. கடைசி அறுநூறை ஒரே மதியத்தில், கோபத்தில், தோற்றதைத் திருப்பி எடுத்தே தீருவேன் என்ற வெறியில் விட்டாள்.

ராட்னிக்குத் தெரியாது. ஒரு நாள் அவனாகவே பேச்சை எடுத்தான்.

“காருக்கு வருஷப் பணம் கட்டணும். உன் சீட்டுக் காசுல இருந்து கட்டிடலாமா?”

“அதுல இல்ல.”

“எவ்வளவு குறையுது?”

“எதுவுமே இல்ல, ராட்னி.”

அவன் கத்துகிற ஆள் இல்லை. கெட்டிலை அணைத்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்தான். “உங்க அம்மா மாதிரி ஆயிடாத, நரேல். ஒரு குடும்பத்துக்கு ஒருத்தங்க போதும்” என்று மட்டும் சொன்னான்.

அவன் ஓங்கி அறைந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அப்பா செத்த பிறகு அம்மா பெரிலுக்குப் போக்கி என்கிற காசு போடும் சூதாட்ட மிஷின்தான் கதி. பென்ஷன் வரும் நாளில் கிளப்புக்குப் போவாள். படங்கள் சுழலும், பட்டனை அமுக்குவாள், மறுபடி அமுக்குவாள். நரேல் எத்தனையோ முறை போய்த் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறாள். “இன்னும் ரெண்டே தடவைடி” என்கிற அந்தக் குரல் அவளுக்கு மனப்பாடம். கடைசி அறுநூறை விட்ட மதியத்தில் தன் வாயிலிருந்தும் அதே குரல் வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் சீட்டையே தொடவில்லை. பிறகு கான்டீன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த முந்நூறு டாலரைத் தனிக் கணக்கில் போட்டாள். அது செலவுக்கான பணம் இல்லை, கைமுதல். எந்த மேஜையிலும் அதில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை. கைமுதல் சுருங்கினால் வெட்கப்படாமல் சின்ன மேஜைக்கு இறங்கிவிட வேண்டும். மனசு சூடேறிவிட்டால், நடுவில் எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட வேண்டும். முதலில் ஆடியது நாற்பது காசு, ஐம்பது காசு மேஜைகளில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாக்லேட்டுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு.

ஆடியவற்றை எல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எங்கே பேராசைப்பட்டோம், எங்கே பயந்தோம் என்று தோண்டினாள். முக்கால்வாசி நேரம் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை என்று புரிந்தது. விளையாட்டாக ஆடிய காலத்தில் அவளுக்குச் சீட்டு பிடித்திருந்தது. ஒழுங்காக ஆட ஆரம்பித்த பிறகு ஜெயம் வந்தது, பிடித்தம் போய்விட்டது. கான்டீனில் சாண்ட்விச் சுற்றுகிற மாதிரிதான். கை பழகிவிட்டால் அதன்பாட்டுக்கு ஓடும்.

செவ்வாய் ஆட்டத்துக்குப் போவதையும் நிறுத்தினாள். சியோனே அவளைக் கடைவீதியில் பிடித்துக்கொண்டான்.

“என்ன நரேல், பெரிய ஆளாயிட்ட. எங்க இறைச்சித் தட்டெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியாதோ?”

“செவ்வா ராத்திரி முழிச்சா புதன் காலைல கண்ணு எரியுது. காலைல எனக்கு ஆட்டம் இருக்கு.”

“கேட்டீங்களா ஐயா!” என்று அவன் ரொட்டி வாங்க நின்றிருந்தவர்களைப் பார்த்துக் கை விரித்தான். “சீட்டாட வேண்டியிருக்காம், அதனால சீட்டாட வர முடியலையாம்!”

அவளும் சிரித்தாள். ஆனால் போகவில்லை.

கைமுதல் மெல்ல வளர்ந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு கான்டீன் வேலையை விட்டாள். மாதம் முடிந்ததும் சம்பளம் என்று ஒரு தொகையை மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்வாள். எவ்வளவு ஜெயித்த மாதமானாலும் அதே தொகைதான். ராட்னிக்கு அதில் ஒரு பெருமை. அதற்கு மூன்று வருடம் கழித்து அக்டோபரில் கார் தொழிற்சாலையை மூடி அவனை வெளியே அனுப்பியபோது, இருபது வருடம் அங்கே கார் பூட்டும் வரிசையில் நின்றவன், டயர் கடையில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலைக்குப் போனான். அடுப்பு எரிந்தது நரேலின் சம்பளத்தில்தான்.

அந்தக் கோடையில்தான் சியோனே இன்னொன்றும் சொன்னான். “கம்ப்யூட்டர்ல காசு வெச்சு ஆடறதத் தடுக்கப்போறாங்களாம். சட்டம் வருதுன்னு பேசிக்கறாங்க.”

“வருஷா வருஷம் இதத்தான் சொல்றாங்க.”

“இந்தத் தடவ நெசமாத்தான்னு சொல்றாங்க, நரேல்.”

அவள் தோளைக் குலுக்கினாள். எதிராளியின் கையில் இன்ன சீட்டு இருக்க எத்தனை வாய்ப்பு என்று நொடியில் எடைபோடுகிறவள், இதை மட்டும் எடையே போடவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் பெரில் வந்தாள். பேக்கரியிலிருந்து சாசேஜ் ரோல் வாங்கி வந்திருந்தாள். அவள் ஏதாவது வாங்கிக்கொண்டு வந்தாலே பணம் கேட்கத்தான் என்று நரேலுக்குத் தெரியும்.

“கொஞ்சம் உக்காரேன்” என்றாள் பெரில். “பேங்க்ல வீட்ட எடுத்துக்கப் போறாங்க.”

“எந்த வீட்ட? நார்லேன் வீட்டையா? அந்தக் கடன அப்பா இருக்கும்போதே அடைச்சாச்சேம்மா.”

“நான் திரும்ப வாங்கினேன்.”

எதற்கு என்று நரேலுக்குத் தெரியும். சாசேஜ் ரோலைப் பிரிக்காமலே பையில் வைத்துச் சுருட்டினாள்.

“இருபதாயிரம் கட்டினா நிறுத்தி வெப்பாங்களாம். உன்கிட்ட அதுக்கு மேலயே இருக்குன்னு ராட்னி சொன்னான்.”

“அது என் பணம் இல்லம்மா.”

“பின்ன யாருதாம்?”

“ராட்னியோட டூல்பாக்ஸ் மாதிரி அது. அத வித்துட்டா அப்புறம் வேலை செய்ய முடியாது. இப்ப எங்க சோறே அதுலதான் வருது.”

“நான் கேட்டா ராட்னி டூல்பாக்ஸ வித்துருவான்” என்றாள் பெரில்.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த ராட்னி சத்தத்தைக் குறைத்தான். வெளியே வரவில்லை.

“ஆறு மாசம் டயம் வாங்கு. மாசா மாசம் கொஞ்சம் தர்றேன்.”

“பேங்க்காரனுக்கு உன் மாசமெல்லாம் தெரியாதுடி.”

“மொத்தமா குடுத்தா மிஷின்ல போட மாட்டியா?”

பெரில் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். “போட மாட்டேன்னு சொன்னா நம்புவியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்குக் கேக்கற?”

அவள் போன பிறகு நரேல் எல்லா வழியிலும் போட்டுப் பார்த்தாள். இருபதாயிரம் போனால் இரண்டு படி கீழே இறங்க வேண்டும். அந்த மேஜைகளில் வருவது வீட்டு வாடகைக்கே காணாது. வீட்டைக் காப்பாற்றினாலும் அம்மா அடுத்த வருடம் மறுபடி அடகு வைப்பாள். எந்தப் பக்கம் போட்டாலும் கொடுக்காமல் இருப்பதுதான் சரி என்று வந்தது. அவள் தப்புக் கணக்குப் போட்டிருந்தால் பின்னால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

ராட்னி ஒரே ஒரு முறை கேட்டான். “பாதியாவது?”

“பாதி குடுத்தா வீடும் நிக்காது, முதலும் நிக்காது.”

“நான் கேட்டது கணக்கு இல்ல” என்று எழுந்துபோனான்.

ஜூன் மாதம் ஏலம். நரேல் எதிர்ச்சாரியில், அஞ்சல்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மெல்பர்னிலிருந்து வந்த ஒரு சின்ன வயதுத் தம்பதி எடுத்தார்கள்; அந்தப் பெண் சந்தோஷத்தில் கைதட்டினாள். பெரில் காரைவிட்டு இறங்கவே இல்லை. அப்பா கட்டிய பெரிய கம்பிக்கூட்டில் பதினெட்டுக் கிளிகள் இருந்தன. லாரா என்ற பக்கத்து ஊரில் பார்த்திருந்த வாடகை அறைக்கு அவற்றைக் கொண்டுபோக முடியாது. பக்கத்து வீட்டு மால்டாக்காரர் எடுத்துக்கொண்டார். “நல்லாப் பாத்துக்கறேன் பெரில், எப்ப வேணும்னாலும் வந்து பாரு” என்றார். பெரில் தலையாட்டினாள். போகமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆகஸ்டில் சட்டம் வந்தேவிட்டது. நரேல் ஆடிவந்த இணையதளத்திலிருந்து செய்தி வந்தது. செப்டம்பரிலிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கிறவர்கள் காசு வைத்து ஆட முடியாது, பணம் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். அவள் அதை மூன்று முறை படித்தாள். ஜனங்கள் சூதாடிக் கெட்டுப்போகாமல் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். கிளப்புகளில் இருந்த போக்கி மிஷின் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

கடைசி நாள் காலையிலும் அவள் வழக்கம்போல ஆடினாள். ஐம்பதில் ஒரு பங்கு, அதற்கு மேல் இல்லை. தெரிந்த பெயர்கள் சில மேஜையில் இருந்தன. ஒருவன் ஆட்டத்தைத் தொடர மெக்சிகோவுக்குப் போவதாக எழுதினான். ஆட்டம் முடிந்ததும் மொத்தத்தையும் எடுத்தாள். அந்த வாரமே அது அவளுடைய வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. கரண்ட் பில், மளிகைச் செலவோடு சேர்ந்து கிடந்தது. கைமுதலுக்கு இனி வேலை இல்லை. வெறும் பணம்.

“நியூசிலாந்து போயிடலாம்” என்றான் ராட்னி. “அங்க ஆடலாமாம். எனக்கு மட்டும் இங்க என்ன வெச்சிருக்கு?”

“அம்மாவ யார் பாக்கறது?”

அவன் அவளையே பார்த்தான். “இப்பத்தான் அம்மா ஞாபகம் வருதா?”

சொன்னதை அவன் திருப்பி எடுக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் நியூசிலாந்துப் பேச்சே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபதாயிரத்துக்குக் காசோலை எழுதி எடுத்துக்கொண்டு லாராவுக்குப் போனாள். ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல். நார்லேன் சோபா அந்த அறைக்குப் பெரிதாக, கதவை முழுக்கத் திறக்க விடாமல் கிடந்தது. பெரில் காசோலையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு மேஜைமேல் திருப்பித் தள்ளினாள்.

“இத வெச்சு நான் என்ன பண்றது? வீடுதான் போயிடுச்சே.”

“வேற எதுக்காவது வெச்சுக்கோம்மா. நல்லதா ஒரு எடம் பாக்கலாம்.”

“உன்கிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா எங்க போகும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.” கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “அன்னிக்கு நீ குடுக்காதது சரிதான்டி” என்றாள். “ஆனா குடுத்திருக்கலாம்.”

நரேல் காசோலையை மடித்தாள். கிழிக்கவும் மனம் வரவில்லை, வைத்துவிட்டு வரவும் துணிவில்லை. பெரில் தேநீர் போட்டாள். சோபாவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். மால்டாக்காரரின் கிளிகள் குஞ்சு பொரித்திருக்கிற செய்தியை நரேல் சொன்னாள். பெரில் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள்.

கான்டீனில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டிருந்தாள். நாலு வருடம் என்ன வேலை பார்த்தாய் என்று போன இடமெல்லாம் கேட்டார்கள். வீட்டில் இருந்தேன் என்று சொன்னாள். கடைசியில் ஆள் எடுத்தது ஒரு கிளப். போக்கி அறையில் சில்லறை கொடுப்பது, ஜெயித்தவர்களுக்குப் பணம் எண்ணுவது, காபி கொண்டுபோய் வைப்பது. சேருவதற்கு முன் அரைநாள் வகுப்பு உண்டு. நிதானம் இழந்து ஆடுகிறவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று ஒருத்தர் படம் போட்டுக் காட்டினார். பிறகு சிரித்த முகத்தோடு, “உங்கள்ல யாராவது சூதாடுவீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நரேலும் சிரித்தாள். யாரும் கை தூக்கவில்லை.

இப்போது வியாழனிலிருந்து ஞாயிறுவரை அவளுக்கு அங்கே வேலை. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவார்கள். அவள் சில்லறையை வைப்பாள். ஆரம்பத்தில் ஓரிருவரிடம், “போதும்ங்க, வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு பெரியவர், “இன்னும் ரெண்டே தடவைம்மா” என்றார். மேலாளர் கூப்பிட்டு, வகுப்பில் சொன்ன வார்த்தைகளை மட்டும் பேசச் சொன்னார்.

கைமுதலாக இருந்த பணத்தில் ராட்னி ஒரு பழைய வண்டி வாங்கிக்கொண்டான். மீதி வங்கியில் இருக்கிறது. சீட்டை அவள் மறுபடி தொடவே இல்லை, செவ்வாய் ஆட்டத்தில்கூட. சியோனே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டான்.

மகள் வேலை செய்யும் கிளப்புக்குப் பெரில் வருவதில்லை. லாராவிலேயே ஒன்று இருக்கிறது, நடந்துபோகிற தூரம்.