சாமிக்கு விட்ட கோப்பி

மனைவியின் கருப்பைக் கட்டியை அறுத்தெடுத்து ஆய்வுக்கு அனுப்பிய அன்று, ஜாசினில் ஓர் அம்மன் கோவிலில் நின்று வேண்டிக்கொண்டேன்: ரிப்போர்ட் நல்லபடியாக வரும்வரை கோப்பியைத் தொடமாட்டேன். நம் ஆட்கள் சாமிக்கு விடுவது எப்போதும் பிடித்த சாமானைத்தான். பிடிக்காத கத்தரிக்காயை விட்டால் சாமி ஏமாறுமா? இருபது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். விடியுமுன் பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ, பிள்ளைகளை இறக்கிவிட்டதும் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதைவிடப் பெரிதாக விடுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

முதல் நாள் மண்டை பிளந்தது. இரண்டாம் நாள் கை கால் ஓய்ந்துபோனது. ஆஸ்பத்திரி, சமையல், வேன் என்று ஓடி ஏற்கெனவே சலித்துப்போன உடம்பு. மூன்றாம் நாள் காலை, செம்பனைத் தோட்டச் சாலையில், பின்னாலிருந்து ஒரு சிறுமி கத்தினாள்.

"அங்கிள், வேன் புல்லுல போகுது!"

விழித்தேன். சக்கரத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. வேனில் பதினொரு பிள்ளைகள்.

வீட்டில் சொன்னபோது, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கும் மகள் அழுதாள். பிறகு திட்டினாள்.

"உடம்பு வேலை செய்யச் செய்ய அடினோசின்னு ஒன்னு சேரும்பா. மூளையில அதுக்குன்னு சீட் இருக்கு. அது உக்காந்தா அசதி, தூக்கம். கோப்பியில உள்ள காஃபீனும் அதோட சாயல்தான், ரெண்டுலயும் பியூரின்னு சொல்ற அதே வளையம். அதனால இது முந்திக்கிட்டு அந்த சீட்டுல உக்காந்துக்கும். தினமும் குடிச்சா மூளை கூடுதலா சீட் போடும். நீங்க திடீர்னு நிறுத்திட்டீங்க. அத்தனை சீட்டும் காலி லா. எல்லாத்துலயும் அசதி ஏறிடுச்சு."

சீட் கணக்கு எனக்கா புரியாது? கோப்பி என் அசதியைப் போக்கவே இல்லை. இத்தனை வருடமும் அதை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. கேட்கவே எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த மனைவி எழுந்து, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"என் பேரச் சொல்லி ஊரான் புள்ளைங்கள கால்வாயில தள்ளப் போறீங்களா? குடிங்க."

குடித்தேன். சாமி படம் இருந்த பக்கம் திரும்பவில்லை.

இன்று காலை வேன் கோடு தவறவில்லை. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வருகிறது. மகள் சொன்னது அவ்வளவும் எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் ரிப்போர்ட்டில் கெட்ட செய்தி இருந்தால், அந்தக் கோப்பியைத்தான் நினைப்பேன். மனைவி தன் கையால் போட்டுக் கொடுத்ததை.