ஏசி ரூமில் அப்பாவின் கைகள்

மகனுக்கு வாங்கிய ஷூ பெட்டியைத் திறந்ததும் எழுந்த தோல் வாசனை, இப்போது இடிக்கப்பட்டு கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்த வேலூர் ஓட்டலின் ஏசி ரூமுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, என் பிறந்தநாள்தோறும் எங்களை அங்கே அழைத்துப்போவார். கிளம்பும் முன் எலுமிச்சம்பழ மூடியால் கைகளைத் தேய்தேய் என்று தேய்த்து, சென்ட்டும் போட்டுக்கொண்டு, அப்படியும் ஊறிப்போன தோல் வாடை போயிருக்காது என்ற பயத்தில், மெனு கார்டை அம்மாவைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, சாப்பாடு வரும்வரை கைகளை மேசைக்கடியிலேயே வைத்திருப்பார். சர்வர் பக்கத்தில் வந்து நின்றால் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பதற்றத்தில் எனக்கு பட்டர் நானின் ருசி பாதிதான் தெரியும்.

ஒரு வருஷம் கதவைத் தள்ளியதுமே அப்பா நின்றுவிட்டார். பழைய ரெக்சின் இருக்கைகள் போய், பழுப்பு நிறத்தில் புது சோபாக்கள் வந்திருந்தன. உட்கார்ந்தவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், பிறகு குனிந்து மோந்தே பார்த்துவிட்டார்.

“இன்னாங்க பண்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் அம்மா.

“ஒரிஜினல் தோலு! ரூம் பூரா என் கை வாசனைதான் அடிக்குது, போ!”

அன்று மெனு கார்டை அப்பாதான் பிரித்தார். தள்ளி நின்ற சர்வரை, இன்னும் கிட்டே வரச் சொல்லிக் கூப்பிட்டார்.