மழைக்கு அலறாத அலாரம்

எல்லாம் ஒழுங்காக ஓடினால் எங்களுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பார்கள். ஓடாவிட்டாலும் அதையேதான் கேட்பார்கள். நெட்வேர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளை லினக்ஸ் சேர்வரில் ஏற்றிக்கொடுப்பது என் தொழில். எந்த இணைப்பு உயிரோடு இருக்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டுகிற சாமான் அது. கறுப்புத் திரையில் வந்த ஒற்றை வரிப் பிழையை முறைத்துப் பார்த்தபடி மத்தியானச் சோற்றை ஆறவிட்டவர் நீங்கள் என்றால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நான் இலங்கை மலைநாட்டு வட்டவளைக்காரி, வேலை பக்கத்து டவுன் ஹட்டனில். இங்கே சொல்லப்போவதெல்லாம் ஒரே தேயிலைக் கொம்பனிக்கு வேலை செய்தபோது நடந்தவை.

நம்பாத கொம்பியூட்டர்

கொம்பனியின் ஹட்டன் ஒஃபிஸில் சாமான் அறையின் மூலையில் சேர்வர் இருந்தது. என்னோடு வேலை செய்யும் தியாகுவும் நானும் போய் மென்பொருளை ஏற்றினோம். ஏற்றும்போது ஒரு குறையும் சொல்லவில்லை. ஓடச் சொன்னால் மட்டும் எழும்பி, உடனே விழுந்தது. நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் லொக் பதிவைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று ஒரு வரி. ஃபோல்டரின் உரிமையை மாற்றினோம், சொந்தக்காரனை மாற்றினோம், மறுபடி அழித்து மறுபடி ஏற்றினோம். அதே வரிதான் வந்தது.

கடைசியில் பார்த்தால், லினக்ஸுக்குள்ளேயே இருக்கிற பாதுகாப்புக் காவல் எங்கள் மென்பொருளைத் திருடனாக நினைத்துத் தடுத்திருக்கிறது. காவலையே நிறுத்திவிடலாம் என்றான் தியாகு. வேண்டாம் என்று சொல்லி, இந்த ஒருவரை மட்டும் உள்ளே விடு என்று ஒரு விதி எழுதினேன். பச்சை வந்தது. ஐ.டி. மெனேஜர் சந்திரகுமார் அவ்வளவு நேரமும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டவுனில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, மரியாதையான மனிதர், எதுவும் சீக்கிரம் முடிய வேண்டும் அவருக்கு. அவர் சொன்னார்: "நாங்க வாங்குன கொம்பியூட்டரு, நாங்க கூப்பிட்ட ஆள நம்ப மாட்டேங்குது. அப்ப நாங்க யார நம்புறது மிஸ்?"

மருதையின் நான்கு மணி

ஒரு தோட்டத்து பெக்டரியில் இணைப்பு அறுந்ததென்று விடியற்காலை நான்கு மணி போட்டு எங்கள் மென்பொருளிலிருந்து ஒஃபிஸுக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே இருந்தது இரவு வாச்சர் மருதை மட்டும்தான். தேத்தண்ணி சுடவைக்க வயரைப் பிடுங்கியிருப்பார் என்று முடிவுகட்டி, அவரை வாச்சர் வேலையிலிருந்து எடுத்து தண்ணீர் வடிகிற கான் வெட்டப் போட்டுவிட்டார்கள். நெஞ்சு இளைப்புக்காரர். மழையிலும் சேற்றிலும் நிற்கக் கூடாதென்றுதான் அவருக்கு வாச்சர் வேலையே கொடுத்திருந்தார்களாம்.

அடுத்த முறை வேறு ஒரு கோளாறு பார்க்க அந்த பெக்டரிக்குப் போனேன். கண்காணிப்புத் திரையில் ஓடிய நேரத்தையும் என் போனில் இருந்த நேரத்தையும் தற்செயலாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. சேர்வரைக் கொண்டுவந்து தந்தவர்கள் அதன் கடிகாரத்தை உலகப் பொது நேரத்திலேயே விட்டிருந்தார்கள். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். அப்படியென்றால் இணைப்பு அறுந்தது காலை ஒன்பதரைக்கு. விசாரித்துப் பார்த்தால், மோட்டார் மாட்டுவதற்காக பெக்டரி எலெக்ட்ரீஷியனே மெயின் கரண்டை நிறுத்திய நேரம் அது. மருதை அப்போது தன் லயத்து வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடிகாரத்தைத் திருத்தினேன். ஒஃபிஸில் போய் விபரத்தைச் சொன்னேன். தோட்டத்தை நடத்தும் துரை போட்ட ஓடரை ஒரு கடிகாரத்துக்காக மாற்றச் சொல்ல முடியாது என்றார்கள். திரும்பி வரும் வழியில் மருதை கானுக்குள் நின்றுகொண்டிருந்தார். மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து இளைப்பு வாங்கினார். நடந்ததை அவரிடம் சொல்லாமல் வர மனம் கேட்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நேரத்த சரியாக்கிட்டீங்கதானே தங்கச்சி, இனி வர்ற வாச்சருக்காவது அது சரியா காட்டட்டும்."

நாயும் சேர்வரும்

மலை உச்சியில் ஒரு அன்டெனாக் கம்பம். கீழ்ப் பள்ளத்துத் தோட்டத்துக்குப் போகிற இணைப்பு அதிலிருந்துதான் தாவுகிறது. மழையும் காற்றும் வந்தால் கம்பம் ஆடும், இணைப்பு விழும், எழும்பும், மறுபடி விழும். ஒவ்வொரு விழுதலுக்கும் சந்திரகுமாரின் போன் அடிக்கும். மே மாதம் தொடங்கினால் மனிதர் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

கம்பத்தை இழுத்துக் கட்டி வயரை மாற்ற வேண்டும் என்றேன். அது பிறகு, முதலில் இந்தச் சத்தம் நிற்கட்டும் என்றார். அரை மணித்தியாலத்துக்கு மேல் விழுந்து கிடந்தால் மட்டும் அறிவிக்கட்டும் என்று அவரே முடிவெடுத்தார். அந்தப் பள்ளத்தில் மொபைல் சிக்னல் கிடையாது. டிஸ்பென்சரி போனும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் போனும் இதே இணைப்பில்தான் வேலை செய்கின்றன என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "மழைக்கெல்லாம் கொரைக்கிறதுக்கு நாய் வளத்தா போதுமே மிஸ், சேர்வர் எதுக்கு?"

செல்லையா கங்காணியின் கை

தென்மேற்குக் காற்று பலமாக வீசிய ஒரு நாள், அந்தப் பள்ளத்துத் தோட்டத்தில் டர்பன்டைன் மரத்துக் கிளை ஒன்று முறிந்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பார்வதியின் மேல் விழுந்தது. கூட இருந்த பெண்கள் கிளையைத் தூக்கினார்கள். அவர்களை மேய்க்கும் செல்லையா கங்காணி மடுவத்துக்கு ஓடி, டிஸ்பென்சரிக்குப் போன் எடுத்தார். போனில் உயிரில்லை. வைத்துவிட்டு எடுத்தார், மறுபடி எடுத்தார். பிறகு ஓர் ஆளை டிஸ்பென்சரிக்கும் ஓர் ஆளை பெக்டரிக்கும் ஓடவிட்டார்.

பார்வதியைக் கம்பளியில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கிவந்தார்கள். லொறி வர நேரமானது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தண்ணீர் கேட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

மறுநாள் போனைப் பார்க்கச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். போன் வேலை செய்தது. திரையில் எல்லாம் பச்சை. தியாகு போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பி வைத்தான். செல்லையா கங்காணி மடுவத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். போன் எடுக்கவே இல்லை, பயத்தில் மறந்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்று அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் அமுக்குன அமுக்கு என் கைக்குத் தெரியும் மிஸ், அது உங்க மிஷினுக்குத் தெரியாதா?"

விழுந்த கோடு

தோட்டத்து ஒஃபிஸில் துரை விசாரணை வைத்தார். சந்திரகுமார் அறிக்கையை எடுத்து வந்திருந்தார். அன்றைக்கு அந்த இணைப்புக்கு ஒரு எச்சரிக்கையும் இல்லை. "அலாரம் வரல்லன்னா பிரச்சின இல்லன்னுதானே அர்த்தம்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

என்னிடம் கேட்டார்கள். எச்சரிக்கைப் பக்கத்தை மூடிவிட்டு, இணைப்பின் வரைபடத்தைத் திறந்தேன். நேராக ஓடிவந்த கோடு அந்தக் காலையில் பொத்தென்று விழுந்து தரையில் கிடந்தது, பிறகு எழும்பியது. அரை மணித்தியாலம் ஆவதற்குள் எழும்பிவிட்டதால் அலாரம் வரவில்லை என்று துரைக்குச் சிங்களத்தில் விளக்கினேன். அரை மணித்தியாலம் என்று யார் போட்டது என்று கேட்டார். சந்திரகுமார் அறிக்கைத் தாளைப் புரட்டினார். அது அவர் எடுத்த முடிவு என்று நானே பதில் சொன்னேன். மறுத்துப் பேசியதையும் சொன்னேன்.

செல்லையா கங்காணி மேல் குற்றமில்லை என்று முடிந்தது. அதற்கு மேல் யார் மேலும் எதுவும் முடியவில்லை. கம்பத்தை இழுத்துக் கட்டினார்கள். எங்களை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

அன்றைக்கு நான் வெளியே வந்தபோது பார்வதியின் புருஷன் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன காட்டினீர்கள் என்று கேட்டார். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். கோடு கிடந்த இடத்தில், திரையில் படாமல், விரலை வைத்துக் கொண்டுபோனார். எழும்புகிற இடத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு நேரமும் அவ உசுரோடதான் இருந்தா மிஸ்."

இந்தத் தொழிலில் நாங்கள் பொருத்திக்கொடுப்பது ஒரு கண்ணைத்தான் என்றாலும், அதை மூடிக்கொள்வதற்கும் அதே திரையில் ஒரு பொத்தான் வைத்துத்தான் கொடுக்கிறோம்.